மின்காரின் திரை மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பெட்ரோல் காரின் பெட்டரி சாகப் போகிறது என்றால் ஸ்டார்ட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும். குளிர்ந்த காலையில் சாவியைத் திருப்பினால் இழு இழு என்று இழுக்கும். சரி, இந்த மாதம் பெட்டரி மாற்ற வேண்டும் என்று நாமும் தெரிந்துகொள்வோம். மின்காரில் ஸ்டார்ட்டர் கிடையாது. அடியில் எவ்வளவு பெரிய பெட்டரி இருந்தாலும், கணினி, லைட், கதவுப் பூட்டு, திரை எல்லாவற்றையும் எழுப்பிவிடுவது பொனட்டுக்குள் இருக்கிற சாதாரண 12 வோல்ட் பெட்டரிதான். அது தளரும்போது முதலில் தடுமாறுவது பெரும்பாலும் நடுவில் இருக்கிற தொடுதிரை. வண்டிக்காரர் கண்ணில் படுவதும் அதுதான். அதனால்தான் "தம்பி, ஸ்கிரீன் போயிருச்சு, புதுசு ஒன்னு போடணும்" என்றபடி என்னிடம் வருகிறார்கள்.

நான் இலங்கையின் மலைநாட்டில், ஹட்டனில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். இந்தப் பக்கம் ஓடுகிற மின்கார்கள் அனேகமாக 2014, 2015 வாக்கில் பாவித்த வண்டிகளாக ஜப்பானில் இருந்து வந்தவை. நிசான் லீஃப்தான் அதிகம் கண்ணில் படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியை எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்து ஓட்டினார்கள், இன்னும் ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்டவர் கையில் இருக்கிற காசை ஒரு புதுத் திரைக்குக் கொட்டி, வீட்டுக்குப் போனதும் அதே பழுதைத் திரும்பப் பார்ப்பதை என்னால் தாங்க முடிவதில்லை. அதனால் நான் தேடுகிற ஒழுங்கை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஊர் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) காட்டியும் செய்விக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆரஞ்சு நிற உறை போட்ட வயர் எதையும் தொடக்கூடாது. அதில் ஓடுவது உயிரை எடுக்கும் மின்சாரம். திரை வேலைக்கு அந்தப் பக்கம் போகவே தேவையில்லை. டேஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன் வண்டியை முழுக்க நிறுத்தி, 12 வோல்ட் பெட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, ஐந்து பத்து நிமிடம் காத்திருங்கள். எயார்பேக்கின் சர்க்கியூட்டில் தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கட்டும். சில செட்டுகள் (திரையும் ரேடியோவும் சேர்ந்த பெட்டி) பெட்டரி கழன்றால் ரகசிய இலக்கம் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் அளவு

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் வோல்ட் பார்க்க வேண்டும். ஆனால் கதவைத் திறந்தாலே கணினிகள் விழித்து வோல்ட் இறங்கிவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் நாள் மாலை வண்டியைப் பூட்டுவதற்கு முன் பொனட் லீவரை இழுத்து, பொனட்டை முதல் கொக்கியில் மட்டும் நிற்க விடுங்கள். காலையில் கதவைத் தொடாமல் பொனட்டைத் தூக்கி மீட்டரை வைக்கலாம். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் அந்தப் பெட்டரியை நம்பி வேறு எந்தப் பழுதையும் தேடாதீர்கள்.

பிறகு வண்டியை ரெடி நிலைக்கு, அதாவது ஓடத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்து பாருங்கள். பெரிய பெட்டரியில் இருந்து மின்சாரம் இறங்கி வருவதால் இப்போது 13க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். இன்னும் 12 சொச்சத்திலேயே நின்றால் அந்த மின்சாரத்தை இறக்கித் தருகிற கன்வேர்ட்டர் பக்கம் பிரச்சினை. அது உயர் வோல்ட் வேலை, தெரிந்தவரிடம்தான் விட வேண்டும்.

நுவரெலியா, கந்தப்பளை பக்கத்து வண்டிகளுக்கு இந்தச் சோதனை கூடுதல் முக்கியம். ஜனவரி காலைகளில் புல்லில் உறைபனி படியும் ஊர் அது. ஈயப் பெட்டரி குளிரில் தன் பலத்தில் ஒரு பங்கை இழக்கும். கொழும்பில் ஒழுங்காக வேலை செய்த வண்டி நுவரெலியாவில் இரண்டு இரவு நின்றதும் திரையில் கண்டபடி எச்சரிக்கை காட்டுவது இதனால்தான். ஓபிடி என்கிற பழுது பார்க்கும் சொக்கட்டில் புளூடூத் கருவி செருகி லீஃப் ஸ்பை செயலியில் பார்த்தால் யு எழுத்தில் தொடங்கும் பழுதுக் கோட் வரிசையாக வரும். கணினிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் தவித்ததன் அடையாளம் அது. ஒரு தடவை பதினான்கு கோட் இருந்தது. பெட்டரியை மாற்றி, கோட்களை அழித்து, ஒரு கிழமை ஓடிய பிறகு பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

திரை முழுக்கக் கறுப்பு

முதலில் பழுதே இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானுஓயாவில் பகல் பதினொரு மணிக்கும் மூடுபனி இறங்கும், ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். லைட் போட்டதும் செட் இரவு என்று நினைத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வெள்ளைப் பனிக்கு நடுவில் அந்த மங்கல் திரை செத்தது போலவே தெரியும். பகல் இரவு மாற்றும் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். இதற்காக மட்டும் தலவாக்கலையில் இருந்து ஒருவர் வந்து போயிருக்கிறார்.

அதுவும் இல்லை என்றால் இருட்டான இடத்தில் வண்டியை நிறுத்தி, டோர்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடியுங்கள். மெனு மங்கலாகத் தெரிந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் செத்திருக்கிறது. எல்ஈடி பட்டியையோ அதற்கு மின்சாரம் தருகிற பாகத்தையோ மாற்றினால் போதும், முழுச் செட்டையும் மாற்றத் தேவையில்லை. எதுவுமே தெரியவில்லை, ஆனால் ரேடியோ பாடுகிறது என்றால் கணினிக்கும் திரைக்கும் இடையில் இருக்கிற பட்டை வயரைப் பாருங்கள்.

சத்தமும் இல்லை, பட்டன் விளக்கும் இல்லை என்றால் மின்சாரமே போகவில்லை. பியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். அதன் தலையில் இரண்டு பக்கமும் மீட்டர் முனை வைக்கச் சின்னப் புள்ளி இருக்கும், இரண்டிலும் 12 வர வேண்டும். செட்டுக்கு இரண்டு மின்வழி உண்டு. ஒன்று எப்போதும் இருப்பது, மற்றது வண்டியைப் போட்டால் மட்டும் வருவது. இரண்டாவது இல்லை என்றால் செட் எழும்பாது. முதலாவது ஆடுகிறது என்றால் செட் எழும்பும், ஆனால் ஒவ்வொரு தடவையும் சேமித்த ரேடியோ நிலையம், புளூடூத் எல்லாம் மறந்திருக்கும். மறதி என்று யாராவது சொன்னால் நான் நேராக அந்த வயரைத்தான் தேடுவேன்.

லோகோ வந்து வந்து போகிறது

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லோகோ தெரியும், அரை நிமிடம் நிற்கும், கறுப்பாகும், மறுபடி லோகோ. வோல்ட் சரி என்று உறுதியான பிறகு யுஎஸ்பியில் செருகியிருக்கிற எல்லாவற்றையும் பிடுங்குங்கள். ஆயிரக்கணக்கான பாட்டு ஏற்றிய பழைய பென்ட்ரைவ் ஒன்று போதும், செட் அதை வாசிக்கப் போய் அங்கேயே விழுந்துவிடும். பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அழுத்தி ரீசெட் செய்யுங்கள். மப் (வழிகாட்டி வரைபடம்) எஸ்டி கார்ட் இருக்கும் செட் என்றால் கார்டை எடுத்து, பொன் நிற முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போடுங்கள். ஜப்பான் மப் நமக்கு எதற்கு என்று அந்தக் கார்டை எறிந்துவிட வேண்டாம். அது இல்லாமல் மேலே போக மறுக்கிற செட்டுகள் உண்டு. இன்னொரு கார்டுக்கு நகல் எடுத்துப் போட்டாலும் பல செட்டுகள் ஏற்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும் லோகோவிலேயே நின்றால் உள்ளே இருக்கிற ஃப்ளாஷ் மெமரி தேய்ந்திருக்கலாம். டயர் ரோட்டில் தேய்வது போல இது எழுத எழுதத் தேயும். ஒவ்வொரு பகுதியையும் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நன்றாகப் பதிவான உதாரணம் டெஸ்லாவுடையது. 2018 தொடக்கம் வரை செய்த மொடல் எஸ், மொடல் எக்ஸ் கார்களின் திரைக் கணினியில் இருந்தது இஎம்எம்சி என்கிற ஃப்ளாஷ் வகை 8 ஜிபி சிப். சுமார் 3000 தடவை அழித்து எழுதத் தாங்கும். கணினியோ தன் நாளாந்தப் பதிவுகளை அதில் எழுதிக்கொண்டே இருந்தது. ஐந்தாறு வருடத்தில் சிப் ஓய்ந்தது. திரை போனதோடு ரிவர்ஸ் கெமராவும் கண்ணாடிப் புகை நீக்கும் கட்டுப்பாடும் சேர்ந்து போயின. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் தலையிட்டு, 2021 பெப்ரவரியில் ஏறக்குறைய 135,000 கார்களைத் திருப்பி அழைக்க வைத்தது. 64 ஜிபி சிப் உள்ள சின்ன போர்ட்டைப் போட்டுக் கொடுத்தார்கள்.

ரம்பொடைக் கணவாயில் மழையும் பனியும் சேரும்போது முன் கண்ணாடி புகைமூட்டமானால் என்ன நடக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஏசிக்கும் கண்ணாடிச் சூட்டுக்கும் தனிப் பட்டன் இருக்கிற பழைய லீஃப் மாதிரியான கார்களை நான் விரும்புவது அதனால்தான். திரை செத்தாலும் வீடு போய்ச் சேரலாம்.

மெமரி தேய்வது ஒரே நாளில் நடப்பதில்லை. செட் எழும்ப முன்பைவிட அதிக நேரம் எடுக்கும். மெனு மாற இழுபடும். பத்து தடவையில் ஒருமுறை லோகோவில் நிற்கும், பிறகு மூன்றில் ஒருமுறை. இந்தக் கட்டத்திலேயே கொண்டுவாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். சிப் இன்னும் வாசிக்க முடிகிற நிலையில் இருந்தால் உள்ளே இருப்பதை அப்படியே நகல் எடுத்துப் புதுச் சிப்பில் ஏற்றலாம். முழுக்கச் செத்த பிறகு அந்தக் காருக்கே உரிய இலக்கங்களும் அதோடு போய்விடும், நகல் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. சிப்பைச் சூடாக்கிக் கழற்றும் ஹொட் எயார், சிப்பை வாசித்து எழுதும் புரோகிராமர் இரண்டும் வைத்து போன் போர்ட் வேலை செய்கிற கை தேர்ந்தவர் இதைச் செய்வார். அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பழைய சிப் இஎம்எம்சி 5.0 தரமோ அதற்குப் பிந்தியதோ என்றால் அதன் தேய்மானத்தைப் புரோகிராமரே பத்துப் பத்து வீதமாகக் காட்டும், அதைப் பார்த்தீர்களா? புதிதாகப் போடுவது வாகனத் தரத்துச் சிப்பா, இல்லை பழைய போனில் இருந்து கழற்றியதா? போனில் பாதி தேய்ந்ததை வெயிலில் காய்கிற டேஷ்போர்டுக்குள் போட்டால் சீக்கிரமே திரும்ப வர வேண்டியிருக்கும்.

கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த செட் வாங்கலாம் என்று நினைத்தால், பழையதைக் கழற்றி அதன் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கிற பாக இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சொக்கட் ஒரே மாதிரி இருக்கும், வருடம் மாறியிருந்தால் வேலை செய்யாது.

ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கிறது

பேனா மூடியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அதற்கும் திரை பதில் சொன்னால் அது அழுத்தத்தில் வேலை செய்கிற பழைய வகை. விரலுக்கு மட்டும் பதில் சொன்னால் போன் போன்ற வகை. பழைய வகையில் தொடும் இடம் ஒரே அளவில் ஒரு பக்கமாக விலகியிருந்தால் செட்டிங்கில் சீரமைப்பு இருக்கும், அதைச் செய்தாலே போதும். ஒரு ஓரம் மட்டும் செத்திருந்தால் மேல் படலத்தை மாற்ற வேண்டும். நல்ல விஷயம், அது ஓரத்தில் ஒட்டுநாடாவால் மட்டும் பிடித்திருக்கும், தனியாகக் கழற்றி மாற்றலாம். வாங்கும்போது அகலம், உயரம் மில்லிமீட்டரில், வால் வயரில் எத்தனை முனை, வால் எந்தப் பக்கம் வருகிறது, மூன்றையும் ஒப்பிடுங்கள். போன் வகையில் படலம் திரையோடு முழுக்க ஒட்டியிருந்தால் பிரிக்கப் போகாதீர்கள், சேர்த்தே மாற்ற வேண்டும்.

யாரும் தொடாமல் தானாகவே பட்டன்கள் அமுங்கினால் முதலில் சிகரட் சொக்கட்டில் இருக்கிற மலிவு சார்ஜரைப் பிடுங்குங்கள். அதன் இரைச்சல் தொடு பகுதியைக் குழப்பும். அதே காரணத்தால் ரேடியோவும் கரகரக்கும். அடுத்தது ஈரம். மழை மாதங்களில் திரைக்குள் ஆவி படிந்து வளையம் வளையமாகத் தெரியும். தலைமுடி உலர்த்தியைக் கிட்ட வைத்துச் சூடாக்கினால் பசை இளகிப் படலம் எழும்பிவிடும். செட்டைக் கழற்றி சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள்.

தோட்டத்து ரோட்டில் மட்டும் அணைகிறது

மஸ்கெலியாப் பக்கம் இருந்து ஒரு ஆசிரியர் வந்தார். டவுன் ரோட்டில் ஒன்றும் இல்லையாம். தோட்டத்துக்குள் ஏறி, கல் ரோட்டில் லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) தாண்டும்போது திரை வெட்டி வெட்டி அணையும், அதுவும் மழை பெய்த மறுநாள். இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார், இரண்டு பேரும் செட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். "சேர், மழைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே, அதையே தேடுவோம்" என்றேன்.

செட்டைக் கழற்றி வெளியே எடுத்து, மின்சாரம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சொக்கட்டாக ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டிப் பார்த்தோம். எதற்கும் அசையவில்லை. பிறகு செட்டின் மைனஸ் வயருக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் மீட்டரை வைத்தோம். செட் ஓடும்போது அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. 0.9 காட்டியது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், இடது கால் பக்கத்துப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒரு போல்ட். அதைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சணம் போல களிம்பு, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அதற்கு மேலே வயர்க்கட்டின் சுற்றுநாடா நனைந்து கறுத்திருந்தது. அங்கிருந்து மேலே பார்த்தால் முன் கண்ணாடியின் மூலை. போன வருடம் கல் பட்டு மாற்றிய கண்ணாடி, அந்த மூலையில் பசை விட்ட இடத்தில் அரை விரல் அகலத்துக்கு இடைவெளி. மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்து அந்த போல்ட்டில் சேர்ந்திருக்கிறது.

போல்ட்டைக் கழற்றி, கம்பித் தூரிகையால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, வயர் முனையைப் புதிதாக அடித்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். கண்ணாடி மூலையை அடைத்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தேன். ஆசிரியர் அந்த 0.9ஐயும், பிறகு வந்த 0.03ஐயும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ரிவர்ஸ் கெமரா மட்டும் கறுப்பு

பின் கதவுக்கும் உடலுக்கும் இடையில் இருக்கிற ரப்பர் குழாயை இழுத்து உள்ளே பாருங்கள். திறந்து மூடித் திறந்து மூடி வயர் அங்கேதான் அறும்.

நேரம், ரேடியோ, சார்ஜ் டைமர்

இவை பழுதில்லை, ஆனால் காசு கரையும் இடம். ஜப்பான் செட்டின் கடிகாரம் ஜப்பான் நேரத்திலேயே நிற்பது வழக்கம். நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் மின்சாரம் எடுக்கிற வீடுகளுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான் மலிவு. மாலை 6.30 முதல் 10.30 வரை மிக அதிக விலை. நீங்கள் திரையில் 10.30 என்று டைமர் வைத்தால், அந்தக் கடிகாரத்துக்கு 10.30 ஆவது நம் மாலை 7 மணிக்கு. அதிக விலை நேரத்தின் நடுவிலேயே சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். கடிகாரம் மாற மறுத்தால் டைமரை மாற்றுங்கள்: தொடக்கம் பின்னிரவு 2.00, முடிவு காலை 9.00. ஜப்பான் எழுத்து மெனுவுக்கு போனில் கூகுள் லென்ஸைப் பிடித்தால் போதும்.

ஜப்பான் ரேடியோ பழைய செட்டுகளில் 76 முதல் 90 வரைதான் பிடிக்கும். நம் தமிழ் எஃப்எம்கள் அதற்கு மேலே இருக்கின்றன. அன்டெனா வயரில் பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்றைச் செருகினால் அவை கீழே இறங்கி வந்து கேட்கும்.

புது ஆண்ட்ராய்ட் செட் போடுவது என்று முடிவானால்

கழற்றுவதற்கு முன் பழைய திரையில் இருக்கிற எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுங்கள். சார்ஜ் டைமர், மின்செலவுப் பக்கம், ஸ்டியரிங் பட்டன், கெமரா எல்லாம் புதியதில் வருமா என்று கடையில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். செட்டைக் காரின் கணினிகளோடு பேச வைக்கிற கேன் பெட்டியை, உங்கள் கார் மொடலுக்குரியதாக, சேர்த்துத் தரவில்லை என்றால் பாதி வராது. 4 ஜிபி ரெமுக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், செயலி ஒன்றைப் போட்டு உண்மையான அளவைக் கடையிலேயே பாருங்கள். பல ஜப்பான் கார்களின் கெமரா 6 வோல்ட்டில் ஓடுவது. புதுச் செட்டின் 12ஐ நேராகக் கொடுத்தால் அந்த நிமிடமே கருகும், இடையில் வோல்ட் குறைக்கிற பாகம் தேவை.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது செட் தூங்கும்போது குடிக்கிற மின்சாரத்துக்கு. மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 அம்பியரில் இடையில் வைத்து, கதவுப் பூட்டின் நாக்கை ஸ்குரூட்ரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மீட்டர் இடையில் இருக்கும்போது வண்டியைப் போடக்கூடாது. 0.05 அம்பியருக்குள் இருந்தால் நல்லது. 0.3 காட்டுகிற செட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். நாளுக்கு 7.2 அம்பியர் மணி, மூன்று நாளில் 21க்கு மேல். வெள்ளிக்கிழமை நிறுத்திய வண்டி, பாதி பலம் போன 40 அம்பியர் மணிப் பெட்டரியோடு திங்கள் காலையில் எழும்பாது. செட்டின் செட்டிங்கில் தூக்கத்தை எடுத்துவிட்டு உடனே முழுக்க அணையும்படி வையுங்கள். எழும்ப அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பூட்டிக் கொடுத்த பிறகு ஒரு கிழமை கழித்து எல்லோரையும் காலையிலேயே வரச் சொல்கிறேன், முதல் நாள் மாலை பொனட்டை முதல் கொக்கியில் விட்டு வீட்டில் ஒரு அளவு எடுத்துக்கொண்டு. செட் போடுவதற்கு முன் எடுத்த காலை வோல்ட்டோடு ஒப்பிட்டு 0.2க்கு மேல் குறைந்திருந்தால், அன்றைக்கே டேஷ்போர்டை மறுபடி திறக்கிறேன்.